கண்ணுக்குப் புலப்படாத பகடை: இணையவழித் தாய விளையாட்டின் ஆக்கமும் புதுப்பித்தலும்

பகடை உருட்டிக் காய் நகர்த்தும் விளையாட்டுகள் இந்திய மண்ணில் மிகத் தொன்மையானவை. மொகஞ்சதாரோவிலும் ஹரப்பாவிலும் நிகழ்ந்த அகழாய்வுகளில் கனசதுரப் பகடைகள் கிடைத்துள்ளன. கீழடியிலும் பகடைகள் வெளிப்பட்டுள்ளன. வடநாட்டில் பச்சீசி, சௌபட் என்றும், தமிழகத்தில் தாயம், சொக்கட்டான் என்றும் வழங்கிவரும் ஆட்டங்கள் இம்மரபைச் சேர்ந்தவை. பச்சீசியைத் தழுவி எளிமையாக்கப்பட்ட ஆட்டம் ஒன்று 1896-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் லூடோ என்னும் பெயரில் காப்புரிமை பெற்றது. ஏற்றுமதியான இந்தியச் சரக்கு அயல்நாட்டு முத்திரையுடன் திரும்பி வந்ததுபோல, அந்த லூடோ இந்திய வீடுகளில் இடம்பிடித்தது.

2016-இல் நவி மும்பையைச் சேர்ந்த கேமேஷன் டெக்னாலஜிஸ் நிறுவனம் 'லூடோ கிங்' என்னும் கைபேசி விளையாட்டை வெளியிட்டது. பாட்னாவைச் சேர்ந்த விகாஸ் ஜெய்ஸ்வால் தொடங்கிய சிறு நிறுவனம் அது. 2020 மார்ச் 25-இல் நாடு தழுவிய பொதுமுடக்கம் தொடங்கியபின் இவ்விளையாட்டை ஆடுவோர் எண்ணிக்கை பன்மடங்கு பெருகியது. வெவ்வேறு ஊர்களில் அடைபட்டிருந்த குடும்பத்தினர் ஒரே பலகையில் ஆட முடிந்ததே இதற்குக் காரணம். ஆடுவோர் ஒருவரோடொருவர் பேசும் குரல்வழி உரையாடல் வசதியும் அவ்வாண்டிலேயே சேர்க்கப்பட்டது. இந்தியாவில் ஆக்கப்பட்ட விளையாட்டொன்று பத்துக் கோடிக்கு மேற்பட்ட கைபேசிகளைச் சென்றடைய முடியும் என்பதை இது மெய்ப்பித்தது. மென்பொருள் ஏற்றுமதியில் பெயர்பெற்ற நாடு, தன் மக்களுக்கான பொழுதுபோக்கு மென்பொருளில் பின்தங்கியே இருந்தது என்பதை நோக்கும்போது இதன் பொருளாதாரச் சிறப்பு விளங்கும்.

ஆயினும் வளர்ச்சியின் அளவைக் கொண்டு மட்டும் இத்தகைய ஆக்கங்களை மதிப்பிடுவது போதாது. திண்ணையில் தாயம் ஆடும்போது கட்டை உருள்வதை எல்லோரும் பார்க்கிறார்கள். கையை மூடியபடி உருட்டினால் உடனே தகராறு எழும். இணையவழி ஆட்டத்தில் திரையில் சுழலும் பகடை வெறும் படமே. அது சுழலத் தொடங்குமுன் விழவேண்டிய எண் வேறிடத்தில் முடிவாகிவிடுகிறது. ஆடுவோர் ஒருவரும் காணாத அந்த உருட்டலை நேர்மையாக வைத்திருப்பதே இவ்விளையாட்டை ஆக்குவோர்க்கும் புதுப்பிப்போர்க்கும் உள்ள முதற்கடமை. தொழில்நுட்ப நுணுக்கங்களிற் பெரும்பகுதி இதைச் சுற்றியே அமைந்துள்ளது.

பகடை உருளும் இடம்

பலர் சேர்ந்தாடும் விளையாட்டை இரு வகையாக அமைக்கலாம். ஆடுபவரின் கைபேசியே எண்ணைத் தீர்மானித்து மற்றவர்களுக்கு அறிவிப்பது ஒரு வகை. இது எளிது, செலவும் குறைவு. ஆனால் கைபேசியிலுள்ள செயலியைத் திருத்தி எப்போதும் ஆறு விழச் செய்வது ஓரளவு தொழிலறிவு உடையோர்க்கு இயலாததன்று. எனவே முறையான ஆக்கங்களில் சர்வர் எனப்படும் மையக் கணிப்பொறியே பகடையை உருட்டுகிறது. கைபேசி 'உருட்டுக' என்று வேண்டுகோள் மட்டும் அனுப்பும். சர்வர் எண்ணைத் தேர்ந்து, பதிவேட்டில் குறித்து, பலகையிலுள்ள எல்லோருக்கும் ஒருசேர அறிவிக்கும். காய் நகர்த்தலும் இவ்வாறே. விதிக்குப் புறம்பான நகர்த்தலைக் கைபேசி அனுப்பினால் சர்வர் அதை ஏற்பதில்லை.

விரைவாக ஓடிச் சுடும் விளையாட்டுகளில் ஒரு நொடியின் சிறு பகுதியும் பொருட்டாகும். பகடை விளையாட்டு முறைவைத்து ஆடப்படுவதால் செய்தி அரை நொடி தாமதித்தாலும் கேடில்லை. அலைபேசிக் கோபுரங்கள் அருகியுள்ள சிற்றூர்களிலும், குறைந்த நினைவகம் கொண்ட மலிவான கைபேசிகளிலும் இது ஓடுவதற்கு இதுவே அடிப்படை.

கணிப்பொறி எண்ணை எவ்வாறு தேர்கிறது? பெரும்பாலும் அது 'போலிச் சமவாய்ப்பு எண்'களைப் பயன்படுத்துகிறது. வித்து எண் ஒன்றை எடுத்துக்கொண்டு, வரையறுத்த கணக்கின்படி அடுத்தடுத்த எண்களை ஆக்குவதே இம்முறை. வித்து தெரிந்தால் வரிசை முழுவதும் தெரிந்துவிடும். 1999-இல் அமெரிக்காவில் இணையவழிச் சீட்டாட்டம் ஒன்றை ஆராய்ந்த மென்பொருள் வல்லுநர்கள், சீட்டுக் கலைப்புக்கான வித்து நள்ளிரவு முதல் கடந்த மில்லிநொடிகளிலிருந்து எடுக்கப்படுவதைக் கண்டறிந்தனர். ஒரு நாளில் 8,64,00,000 மில்லிநொடிகளே உள்ளன. 52 சீட்டுகளை அடுக்கும் வழிகளோ 68 இலக்க எண். இக்குறையால், ஆட்டம் நடக்கும்போதே எதிராளிகளின் சீட்டுகளைக் கணித்துவிட முடிந்தது. பிறர் ஊகிக்க இயலாத வித்துகளைத் திரட்டித் தரும் வசதி இன்றைய இயக்க அமைப்புகளிலேயே உண்டு. மறையீட்டுத் தரம் வாய்ந்த அவ்வசதியைப் பயன்படுத்தாமல் கடிகாரத்தை நம்புவது சோம்பலேயன்றி வேறில்லை.

ஆறாம் முகத்தின் குறை

நல்ல எண் மூலம் கிடைத்தபின்னும் பிழை நுழைய வழியுண்டு. மாணவர்கள் தாளில் செய்து பார்க்கத்தக்க எடுத்துக்காட்டு ஒன்று வருமாறு: கணிப்பொறி ஒரு பைட் அளவுள்ள எண்ணைத் தருகிறது, அது 0 முதல் 255 வரை எதுவாகவும் இருக்கலாம். அதை ஆறால் வகுத்து, மீதியுடன் ஒன்றைக் கூட்டிப் பகடை எண்ணாகக் கொள்வதாக வைத்துக்கொள்வோம். 256 என்பது ஆறால் மீதியின்றி வகுபடுவதில்லை. 42 முறை போக நான்கு மிஞ்சுகிறது. ஆகவே 1, 2, 3, 4 ஆகிய எண்களுக்கு 256-இல் 43 வாய்ப்புகளும், 5, 6 ஆகியவற்றுக்கு 42 வாய்ப்புகளும் கிட்டுகின்றன. பதினாயிரம் உருட்டல்களில் ஆறு ஏறத்தாழ 1,667 முறை விழவேண்டும். இம்முறையில் 1,641 முறையே விழும். லூடோவில் காயை வெளிக்கொணர ஆறு தேவை என்பதால் குறைபடும் முகம் முக்கியமான முகமே.

இதற்கு மாற்று எளிது. 252, 253, 254, 255 ஆகிய நான்கில் ஒன்று வந்தால் அதைத் தள்ளிவிட்டு வேறு எண் கேட்கவேண்டும். எஞ்சிய 252 எண்களும் ஆறு முகங்களுக்கும் சமமாகப் பங்காகும். பெரிய எண்களைப் பயன்படுத்தினால் இப்பிழை கண்டுகொள்ள முடியாத அளவுக்குச் சிறுத்துவிடும் என்பது உண்மையே. எனினும் தள்ளிவிடும் முறைக்கு ஆகும் செலவு நிரலில் இரண்டு வரிகள்தாம்.

பகடை சரியாக உள்ளதா என்பதைப் புள்ளியியலின் கை-வர்க்கச் சோதனையால் அறியலாம். 6,000 உருட்டல்களில் ஒவ்வொரு முகமும் 1,000 முறை எதிர்பார்க்கப்படுகிறது. எடுத்துக்காட்டாக ஒன்று முதல் ஆறு வரை முறையே 968, 1,021, 1,004, 987, 1,035, 985 முறை விழுந்தன என்க. ஒவ்வொன்றின் விலகலையும் வர்க்கமாக்கிக் கூட்டினால் 3,100. அதை 1,000-ஆல் வகுக்க 3.10. ஐந்து கட்டின்மைப் படிகளுக்கு ஐந்து விழுக்காட்டு நிலையில் எல்லை மதிப்பு 11.07. கணக்கிட்ட மதிப்பு அதற்குள் அடங்குவதால் இப்பகடையை ஐயுறக் காரணமில்லை.

ஆனால் இச்சோதனை மட்டும் போதாது. 1, 2, 3, 4, 5, 6 என்று வரிசை மாறாமல் திரும்பத் திரும்ப விழும் பகடை இதில் பூச்சிய மதிப்புடன் தேறிவிடும்! எனவே அடுத்தடுத்து விழும் இரு எண்களின் 36 இணைகளும் சமமாக வருகின்றனவா என்றும், ஒரே எண் தொடர்ந்து விழும் தொடர்கள் எதிர்பார்க்கும் அளவில் உள்ளனவா என்றும் சோதிக்கவேண்டும். மூன்று ஆறுகள் தொடர்ந்து விழும் நிகழ்தகவு 216-இல் ஒன்று. அவ்வாறு விழுந்தால் அம்முறை செல்லாது என்னும் விதி பல ஆட்டங்களில் இருப்பதால், இந்தத் தொடர்களைத் தனியே எண்ணிப் பார்ப்பது நன்று.

ஆட்டக்காரரின் ஐயம்

பகடை முற்றிலும் நேர்மையாக இருந்தாலும் முறையீடுகள் ஓய்வதில்லை. இதுவே இத்துறையின் விந்தை. பத்து முறை உருட்டியும் ஒருவருக்கு ஆறு விழாமற்போகும் நிகழ்தகவு ஏறத்தாழ 16 விழுக்காடு. நால்வர் ஆடும் பலகையில் குறைந்தது ஒருவருக்காவது முதற்பத்து உருட்டல்களில் ஆறு கிட்டாமலிருக்கும் நிகழ்தகவைக் கணக்கிட்டால் 50 விழுக்காட்டைச் சற்றே தாண்டுகிறது. அதாவது, இரண்டு பலகைகளில் ஒன்றில் யாரேனும் ஒருவர் காய் வெளிவராமல் மனம் சலித்து அமர்ந்திருப்பார். திண்ணையில் அவர் தம் கையை நொந்துகொள்வார். கைபேசியில் நிறுவனத்தின்மீது ஐயுறுவார்.

இந்த ஐயம் எவ்வளவு வலியது என்பதற்கு ஒரு சான்று உண்டு. மின்னஞ்சல்வழிப் பலகை விளையாட்டுகள் நடத்திய அமெரிக்கர் ஒருவர், கணிப்பொறிப் பகடையைப் பற்றி ஓயாது வந்த முறையீடுகளைத் தீர்க்க, உண்மையான பகடைகளையே உருட்டி, ஒளிப்படக் கருவியால் எண்களைப் படிக்கும் ஆளுயர எந்திரமொன்றை 2009-இல் அமைத்தார். அது நாளொன்றுக்குப் பதின்மூன்று இலட்சம் உருட்டல்களுக்கு மேல் தரவல்லது. மறையீட்டுத் தரமுள்ள எண்களைவிட அவ்வெந்திரத்தின் எண்கள் சிறந்தவை என்று கூறமுடியாது. ஆயினும் மரக்கட்டை உருள்வதை மனிதர்கள் நம்புகிறார்கள்.

முறையீடுகளைத் தணிக்க நிறுவனங்களுக்கு முன் இரு வழிகள் உள்ளன. நெடுநேரம் ஆறு விழாதவருக்கு ஆறு விழும் வாய்ப்பை யாருமறியாமல் கூட்டிவிடுவது ஒன்று. ஆட்டம் சுவையாகும், ஆடுவோர் தங்குவர். ஆனால் ஒருவருக்குத் தரும் சலுகை எதிரே அமர்ந்தவருக்கு இழைக்கும் குறையே. இன்று சலித்தவரைத் தேற்றுவதற்காகத் திறந்த கதவு, நாளை பணம் கொடுத்தவரை வெல்லச் செய்வதற்கும் பயன்படும். மற்றொரு வழி, விதியை எல்லோரும் அறிய மாற்றுவது: தொடக்கத்திலேயே ஒரு காய் வெளியே நிற்கட்டும், அல்லது ஒரு காய் பழமானாலே வெற்றி என்று இருக்கட்டும். 'விரைவு ஆட்டம்' என்னும் பெயரில் இத்தகைய வகைகள் இன்று பரவலாக உள்ளன. தமிழகத்தின் தாய ஆட்டத்திலும் ஊருக்கு ஊர் விதி வேறுபடும். ஆட்டம் தொடங்குமுன் அதைப் பேசி முடித்துக்கொள்வது வழக்கம். பகடையைத் தொடாமல் விதியை மாற்றும் இரண்டாம் வழியே ஏற்கத்தக்கது.

நம்பிக்கையை உறுதிசெய்யக் கணிதமே ஒரு கருவியைத் தந்துள்ளது. ஆட்டம் தொடங்குமுன் சர்வர் ஓர் இரகசிய எண்ணைத் தேர்ந்து, அதன் சுருக்கக் குறியை மட்டும் எல்லோருக்கும் அனுப்புகிறது. குறியிலிருந்து எண்ணைக் கண்டறிய நடைமுறையில் இயலாது. அதே குறி வருமாறு எண்ணை மாற்றவும் இயலாது. அரக்கு முத்திரையிட்ட உறைக்கு இதை ஒப்பிடலாம். பின்னர் ஆடுவோர் ஒவ்வொருவரின் கைபேசியும் தன் பங்குக்கு ஓர் எண் தருகிறது. இவற்றையும் இரகசிய எண்ணையும் கலந்தே எல்லா உருட்டல்களும் பிறக்கின்றன. ஆட்டம் முடிந்ததும் சர்வர் உறையைத் திறந்து காட்டும். எவரும் உருட்டல்களை மீண்டும் கணக்கிட்டுச் சரிபார்க்கலாம். நூற்றில் ஒருவர்கூடச் சரிபார்க்க மாட்டார் என்பது வேறு செய்தி. சரிபார்க்க முடியும் என்ற நிலையே நிறுவனத்தை நேர்வழியில் நிறுத்தப் போதுமானது.

இணைப்பு அறுபடும்போது

புகைவண்டிப் பயணத்தில் ஆடுபவருக்கு இணைப்பு இடையிடையே அறுபடும். அவர் 'உருட்டுக' என அனுப்பிய வேண்டுகோள் சர்வரை அடைந்து, விடை திரும்பி வருமுன் இணைப்பு போய்விட்டால் என் செய்வது? கைபேசி மீண்டும் கேட்கும். அப்போது சர்வர் புதிதாக உருட்டினால் பெருங்கேடு விளையும்: தீய எண் விழும்போதெல்லாம் இணைப்பைத் துண்டித்து மறுபடி உருட்டும் தந்திரத்தைச் சில நாட்களில் எல்லோரும் கற்றுக்கொள்வர். ஆகவே ஒவ்வொரு உருட்டலுக்கும் வரிசை எண் இடப்படுகிறது. 17-ஆம் உருட்டலை எத்தனை முறை கேட்டாலும் முதலில் பதிந்த எண்ணே விடையாக வரும். திரும்பி வருபவருக்குப் பலகையின் அன்றைய நிலை முழுவதும் அனுப்பப்படும். குறித்த நேரத்துக்குள் அவர் வராவிடில் கணிப்பொறி அவருக்காக ஆடும். அவ்வாறு ஆடும் கணிப்பொறி அடுத்து விழப்போகும் எண்ணை அறியாதவாறு தனியே வைக்கப்படவேண்டும். எதிரே ஆடுவது மனிதரன்று, எந்திரம் என்பதை மற்றவர்களுக்குத் தெரிவிப்பதும் முறை.

புதுப்பித்தல்

நூலை அச்சிட்டபின் ஆசிரியர் பணி முடிந்துவிடுகிறது; செயலியின் பணி வெளியீட்டுக்குப் பின்னரே தொடங்குகிறது எனலாம். கைபேசி இயக்க அமைப்புகள் ஆண்டுதோறும் மாறுகின்றன. புதிய விதிவகைகளும் பலகைகளும் சேர்கின்றன. ஆனால் எல்லோரும் ஒரே நாளில் புதுப்பிப்பதில்லை. நினைவகம் நிறைந்த கைபேசி வைத்திருப்போரும், இணையக் கட்டணத்தை எண்ணிச் செலவிடுவோரும் பழைய பதிப்பிலேயே மாதக்கணக்கில் இருப்பர். ஒரே பலகையில் பழைய பதிப்பும் புதிய பதிப்பும் சந்திக்க நேரும். எனவே விதிகளைச் சர்வரில் வைத்து, ஒவ்வொரு பலகைக்கும் அது தொடங்கிய நாளின் விதிப்பதிப்பை ஒட்டவைப்பர். நடுவில் புதுப்பிப்பு வந்தாலும் தொடங்கிய ஆட்டம் பழைய விதியிலேயே முடியும்.

வெளியிடுமுன் செய்யும் சோதனைகளில் மிகப் பயனுள்ளது மறு ஓட்டம். முன்பு நடந்த ஆட்டங்களின் உருட்டல்களும் நகர்த்தல்களும் பதிவேட்டில் இருக்கும். அவற்றைப் புதிய நிரலில் மீண்டும் ஓட்டினால் ஒவ்வொரு ஆட்டமும் அதே முடிவுக்கு வரவேண்டும். ஓரிடத்தில் காய் வெட்டுப்படுவது மாறினாலும் பிழை எங்கே என்று தெரிந்துவிடும். இதன்பின் புதுப்பிப்பு எல்லோருக்கும் ஒருங்கே தரப்படுவதில்லை. நூற்றில் ஒருவருக்கு முதலில் தந்து, குறையில்லையெனில் படிப்படியாக விரிப்பர். பகடைக்கான நிரலைப் பிற மாற்றங்களோடு கலவாமல் தனிப்பகுதியாக வைத்து, அதைத் தொடும் எந்த மாற்றத்துக்கும் இருவர் ஒப்புதல் வேண்டும் என்று வரையறுப்பது நல்ல நடைமுறை. பண்டிகை நாளுக்காகப் பலகையின் வண்ணத்தை மாற்றும் அவசரத்தில் பகடையின் கணக்கு பிறழ இடந்தரலாகாது.

சட்டத்தின் எல்லை

1867-ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்டச் சட்டம் வெறும் திறமையைச் சார்ந்த ஆட்டங்களுக்கு விலக்கு அளித்திருந்தது. அதனால் ஓர் ஆட்டம் திறமையா, வாய்ப்பா என்ற வழக்காடல் நெடுங்காலம் நீடித்தது. பணம் வைத்து ஆடும் லூடோ எவ்வகை என்னும் வினா 2021-இல் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் முன் மனுவாக வந்தது. எந்தக் காயை நகர்த்துவது என்பதில் திறமை உண்டு. எத்தனை கட்டம் நகர்த்துவது என்பதைப் பகடையே முடிவு செய்கிறது.

2025 ஆகஸ்ட் 22-இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற இணையவழி விளையாட்டு மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் இவ்வழக்காடலைக் கடந்து சென்றது. திறமையாயினும் வாய்ப்பாயினும், பணம் கட்டிப் பணம் எதிர்பார்க்கும் இணைய ஆட்டங்கள் அதன்படி தடைக்குரியன. அவற்றை நடத்துவோருக்கு மூன்றாண்டு வரை சிறையோ ஒரு கோடி ரூபாய் வரை தண்டமோ இரண்டுமோ விதிக்கலாம். பந்தயமற்ற சமூக விளையாட்டுகளையும் மின்னணு விளையாட்டுப் போட்டிகளையும் ஊக்குவிப்பது அச்சட்டத்தின் மறுபக்கம். 2023-இன் மின்னணுத் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் கருதத்தக்கது. பதினெட்டு வயது நிரம்பாதோரின் தரவைக் கையாளப் பெற்றோர் ஒப்புதலை அது வேண்டுகிறது. சிறுவரும் முன்பின் அறியாதவரும் ஒரே பலகையில் குரல்வழிப் பேசிக்கொள்ளும் விளையாட்டுக்கு இது சிறு பொறுப்பன்று.

பணப் பந்தயம் நீங்கிவிட்டதால் பகடையின் நேர்மை பொருட்டன்று என்று சிலர் கருதலாம். இலவச ஆட்டங்களின் வருவாய் விளம்பரங்களிலிருந்தும், செயலிக்குள் விற்கப்படும் நாணயங்களிலிருந்தும் வருகிறது. தோற்றவர் மீண்டும் நாணயம் வாங்குவார் என்றால், யார் எப்போது தோற்கவேண்டும் என்று கணக்கிடும் ஆவல் எழாமற்போகாது. அந்நாணயங்களை வாங்குவோரிற் பலர் சிறுவர். 2025-ஆம் ஆண்டுச் சட்டம் விளையாட்டுகளை வகைப்படுத்திப் பதிவுசெய்ய ஓர் அதிகார அமைப்பை ஏற்படுத்த வழிவகுத்துள்ளது. மென்பொருட்களைச் சோதித்துச் சான்றளிக்க மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின்கீழ் எஸ்.டி.க்யூ.சி. இயக்ககம் ஏற்கெனவே இயங்குகிறது. பதிவுக்கு விண்ணப்பிக்கும் பகடை விளையாட்டுகளிடமிருந்து, ஆடுவோரின் அடையாளம் நீக்கப்பட்ட சில மாத உருட்டல் பதிவேட்டைக் கேட்டுப் பெறலாம். முகங்களின் எண்ணிக்கை, இணைகள், தொடர்கள் ஆகியவற்றோடு, நாணயம் வாங்கியோர்க்கும் வாங்காதோர்க்கும் ஆறு விழும் வீதம் ஒன்றாக உள்ளதா என்பதையும் ஒப்பிடலாம். பதிவேடு சர்வர்களில் ஏற்கெனவே இருப்பதால் நிறுவனங்களுக்கு இதனால் கூடுதல் செலவு மிகச் சிறிதே. சோதனைக்கு வேண்டிய கணிதம் கல்லூரிப் புள்ளியியல் பாடத்தின் அளவைத் தாண்டாது.